சிபாப் மாஸ்க்: உங்கள் மூக்குக்கு எந்த அளவு?

நாலு வருடத்துக்கு முன், தூக்கத்தில் மூச்சு அடைபடாமல் இருக்க மாஸ்க் வழியாகக் காற்று ஊதும் சிபாப் (CPAP) மெஷின் வாங்கப் போனேன். கடையில் இருந்த பையன் என்னை மேலிருந்து கீழாக ஒரு தரம் பார்த்துவிட்டு, "சாருக்கு லார்ஜ்தான் சார் செட் ஆகும்" என்றான். எனக்கும் அது நியாயமாகவே பட்டது. சட்டை எக்ஸ்எல், பேன்ட் 40, மாஸ்க் மட்டும் சின்னதாகவா இருக்கும்? அளவே எடுக்காமல் பணத்தைக் கட்டி வாங்கி வந்துவிட்டேன்.

அடுத்த மூன்று வாரமும் ராத்திரியெல்லாம் கண்ணுக்குள் காற்று அடித்தது. பட்டையை இறுக்கினேன், மூக்குத்தண்டில் தோல் உரிந்தது. "உங்க குறட்டையே தேவலைங்க, இந்தப் புஸ் புஸ் சத்தம் தாங்க முடியல" என்று வீட்டம்மா தலையணையை எடுத்துக்கொண்டு பக்கத்து அறைக்குப் போய்விட்டார். கடைசியில் மறுபரிசோதனைக்குப் போன இடத்தில் டெக்னீஷியன் ஓர் அட்டையை என் மூக்கின்மேல் வைத்துப் பார்த்தார். சிரித்தார். "உடம்புதான் சார் பெரிசு, மூக்கு ஸ்மால்."

அன்று ராத்திரி சத்தம் நின்றது.

ஸ்லீப் ஸ்டடி (தூங்கும்போது செய்யும் பரிசோதனை) முடிந்து, டாக்டர் சிபாப் எழுதிக் கொடுத்து, இனிமேல்தான் கடைக்குப் போகப் போகிறவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கிவிட்டுத் தூங்க முடியாமல் தவிப்பவர்கள் நேரே நாலாவது படிக்குப் போய்விடலாம்.

மெஷினைவிட மாஸ்க்கில் ஏன் இவ்வளவு கவனம்?

ஸ்லீப் ஆப்னியா உள்ளவர்களுக்குத் தூக்கத்தில் தொண்டைத் தசை தளர்ந்து, காற்றுப் போகும் வழி அடைபடுகிறது. சிபாப் மெஷின் விடாமல் காற்றை ஊதி அந்த வழியைத் திறந்தே வைத்திருக்கிறது. இந்த அழுத்தத்தைத் தண்ணீரின் உயரத்தால் அளக்கிறார்கள். வீட்டில் பயன்படுத்தும் மெஷின்கள் பெரும்பாலும் 4 முதல் 20 செ.மீ. வரை கொடுக்கும். டாக்டர் தந்த உங்கள் சீட்டில் 10 என்று எழுதியிருந்தால், 10 செ.மீ. உயரத்துக்குத் தண்ணீர் நிற்கும் டம்ளரின் அடியில் இருக்கிற அழுத்தம், அவ்வளவுதான். அது ஒன்றும் புயல் இல்லை. ஆனால் மாஸ்க்கின் ஓரத்தில் ஓட்டை இருந்தால் அந்த அழுத்தம்கூடத் தொண்டைக்குப் போய்ச் சேராது. எவ்வளவு விலை கொடுத்து மெஷின் வாங்கியிருந்தாலும் இதுதான் கதை.

1980ல் சிட்னியில் டாக்டர் காலின் சல்லிவன் இந்தச் சிகிச்சையை முதன்முதலில் செய்து பார்த்தபோது கடையில் மாஸ்க் கிடையாது. ஆளுக்கு ஆள் மூக்கை அச்சு எடுத்து மாஸ்க் செய்தார்கள். அதை ராத்திரிதோறும் சிலிகான் பசை போட்டு முகத்தில் ஒட்டினார்கள், காலையில் பிய்த்து எடுத்தார்கள். அதை நினைத்துக்கொண்டால் வெல்க்ரோ பட்டை ஒன்றும் அவ்வளவு மோசமில்லை என்று தோன்றும். அப்போதே ஒவ்வொரு மூக்குக்கும் தனி அச்சு தேவைப்பட்டது என்பதையும் கவனியுங்கள். இன்று நமக்கு ஸ்மால், மீடியம், லார்ஜ் என்று மூன்று நாலு அளவுதான். அதற்குள் நம் மூக்கைப் பொருத்தியாக வேண்டும்.

முதல் படி: அளவுக்கு முன்னால் வகை

மாஸ்க் வகை நாலைந்து இருக்கிறது. மூக்குத் துவாரத்தின் வாயிலில் இரண்டு சின்னக் குமிழ்களாக உட்காருவது நேசல் பில்லோ. மூக்கு முழுவதையும் மூடி மேலுதட்டுக்குச் சற்று மேலே நிற்பது நேசல் மாஸ்க். மூக்கை மூடாமல் அடியிலிருந்து தொட்டில் மாதிரி தாங்குவது இன்னொரு வகை. மூக்கையும் வாயையும் சேர்த்து மூடுவது ஃபுல் ஃபேஸ் மாஸ்க். பெயர்தான் ஃபுல் ஃபேஸ். கண்ணும் நெற்றியும் வெளியேதான் இருக்கும். மூக்கை அடியிலிருந்து தாங்கி, வாயை மட்டும் மூடுகிற கலப்பு வகையும் இப்போது வந்துவிட்டது.

"நான் வாயால் மூச்சு விடுகிறவன், எனக்கு ஃபுல் ஃபேஸ்தான்" என்று பலரும் முதலிலேயே முடிவு கட்டிவிடுகிறார்கள். கடைக்காரர்களும் அதையே எடுத்துக் கொடுக்கிறார்கள். கொஞ்சம் பொறுங்கள். அமெரிக்கத் தூக்க மருத்துவ அகாடமி 2019ல் வெளியிட்ட வழிகாட்டுதல், பொதுவாக ஃபுல் ஃபேஸைவிட மூக்கு வழி மாஸ்க்கையே முதலில் பார்க்கச் சொல்கிறது. ஃபுல் ஃபேஸ் மாஸ்க் முகத்தில் தொடும் சுற்றளவு அதிகம், அதனால் கசியும் இடமும் அதிகம். போதாததற்கு அது தாடையைப் பின்னால் தள்ளவும் செய்யலாம். தாடை பின்னால் போனால் தொண்டை வழி இன்னும் குறுகும். ராத்திரி வாய் திறப்பவர்களில் பலர், மூச்சு அடைபடுவதால்தான் திறக்கிறார்கள். சிகிச்சை சரியாகப் போனால் அவர்களில் சிலருக்கு வாய் தானாகவே மூடிக்கொள்கிறது.

ஒரு சின்னச் சோதனை. மல்லாந்து படுத்து, வாயை மூடி, பத்து நிமிடம் மூக்கால் மட்டும் மூச்சு விட்டுப் பாருங்கள். சிரமமில்லை என்றால் நேசல் வகையில் தொடங்குங்கள். மூன்றாவது நிமிடமே வாய் திறந்துகொண்டால், மாஸ்க் வாங்கும் முன் காது மூக்கு தொண்டை டாக்டரை ஒருமுறை பார்த்துவிடுவது நல்லது. மூக்கு எலும்பு வளைவோ அலர்ஜியோ இருந்தால் அதைக் கவனிக்காமல் எந்த மாஸ்க்கும் சுகப்படாது.

மீசை வைத்திருப்பவர்களுக்குப் பில்லோ வசதி. அது மீசைக்கு மேலே, துவாரத்தின் வாயிலிலேயே நின்றுவிடும். அடர்ந்த தாடி இருந்தால் ஃபுல் ஃபேஸ் கன்னத்திலும் தாடையிலும் ஒட்டாமல் தகராறு செய்யும். படுத்துக்கொண்டு கண்ணாடி போட்டுப் படிக்கிற ஆள் என்றால், நெற்றியில் முட்டுக்கட்டை வைத்த பழைய மாடல்கள் வேண்டாம். குப்புறப் படுப்பவர்கள், புரண்டு புரண்டு படுப்பவர்கள் உச்சந்தலையில் டியூப் மாட்டுகிற மாடலைப் பாருங்கள். மூடிய இடம் என்றாலே மூச்சு முட்டுகிறவர்களுக்குப் பில்லோவைவிட லேசானது எதுவும் இல்லை.

மூக்குத்தி போட்டிருப்பவர்கள் இதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். நேசல் மாஸ்க்கின் குஷன் மூக்கின் பக்கவாட்டில்தான் ஒட்டும். மூக்குத்திக் கல் அந்தக் கோட்டில் வந்தால் காற்றும் கசியும், அழுத்தி வலிக்கவும் செய்யும். கழற்ற மனம் வராத அம்மாமார்கள் பலர். அவர்களுக்குச் சில மாடல்களில் குஷனின் விளிம்பு மூக்குத்திக்கு வெளியே போய் உட்காரும், சிலவற்றில் உட்காராது. மாட்டிப் பார்க்காமல் தெரியாது. பில்லோ என்றால் உள்பக்கத் திருகாணி இடிக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

இன்னும் ஒன்று, விளையாட்டில்லை. இப்போது பல மாஸ்க்குகளில் பட்டையைக் காந்தத்தால் ஒட்ட வைக்கிறார்கள். பேஸ்மேக்கர், மூளை ரத்தக்குழாய்க் கிளிப் போன்றவை உடம்பில் இருப்பவர்களுக்கு அந்தக் காந்தம் ஆபத்தாகலாம் என்று, மாஸ்க் செய்யும் கம்பெனிகளான பிலிப்ஸ் 2022லும் ரெஸ்மெட் 2023லும் எச்சரிக்கை வெளியிட்டன. காந்தத்துக்கும் அந்தக் கருவிக்கும் குறைந்தது 15 செ.மீ. இடைவெளி வேண்டும். பக்கத்தில் படுக்கும் மனைவிக்கோ கணவனுக்கோ பேஸ்மேக்கர் இருந்தாலும் இதே கணக்குதான். காந்தம் இல்லாத மாடல்கள் தாராளமாகக் கிடைக்கின்றன, அதைக் கேட்டு வாங்குங்கள்.

இரண்டாவது படி: வீட்டிலேயே அளவு எடுப்பது

செருப்பு வாங்கியிருக்கிறீர்கள் அல்லவா? ஒரு கம்பெனியில் 8, இன்னொன்றில் 9. மாஸ்க்கும் அப்படியே. ரெஸ்மெட்டில் மீடியம் என்பதால் ஃபிஷர் அண்ட் பைகெலிலும் மீடியம் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. ஒரே கம்பெனியின் இரண்டு மாடலுக்குள்ளேகூட அளவு மாறும். ஆகவே "எனக்கு மீடியம்" என்று மனப்பாடம் செய்வதைவிட, உங்கள் மூக்கு எத்தனை மில்லிமீட்டர் என்று குறித்து வைத்துக்கொள்வதே உபயோகம்.

அளவு எடுக்கும் முன் பல்செட் போடுகிறவர்கள் அதைக் கழற்றிவிடுங்கள், ராத்திரி கழற்றித்தானே படுப்பீர்கள். பல்செட் இல்லாதபோது கன்னமும் உதடும் உள்வாங்கி முகமே வேறு அளவாகிவிடும். எங்கள் பெரியப்பாவுக்கு மாஸ்க் பகலில் கச்சிதமாக இருந்து ராத்திரி மட்டும் கசிந்ததற்குக் காரணம் இதுதான். கண்டுபிடிக்க ஒரு மாதம் ஆயிற்று.

கண்ணாடி முன் நின்று, பள்ளிக்கூட ஸ்கேலை மூக்குக்குக் கீழே கிடையாகப் பிடியுங்கள். சிரிக்கக் கூடாது, சிரித்தால் மூக்கு விரியும். இரண்டு மூக்கு மடல்களின் வெளி ஓரத்துக்கும் இடையே எத்தனை மில்லிமீட்டர் என்று பாருங்கள். நேசல் மாஸ்க்குக்கும், மூக்கை அடியிலிருந்து தாங்கும் வகைக்கும் இந்த அகலம்தான் முக்கியம். ஃபுல் ஃபேஸ் என்றால் உயரமும் வேண்டும். இரு கண்ணுக்கும் நடுவே மூக்குத்தண்டில் பள்ளமாக இருக்கும் இடத்திலிருந்து, கீழுதட்டுக்கு அடியில் தாடை தொடங்கும் பள்ளம் வரை. இதை அளக்கும்போது வாயை லேசாகத் திறந்து வைத்துக்கொள்ளுங்கள். தூக்கத்தில் தாடை அப்படித்தான் தொங்கும். இறுக மூடி அளந்து வாங்கினால் ராத்திரி கீழுதடு குஷனுக்கு வெளியே எட்டிப் பார்க்கும்.

பில்லோவுக்கு ஸ்கேல் உதவாது. துவாரத்தின் அளவுதான் கணக்கு, அதை மாட்டித்தான் பார்க்க வேண்டும். நல்ல வேளையாகப் பல பில்லோ மாஸ்க்குகள் மூன்று அளவுக் குமிழ்களோடு ஒரே பெட்டியில் வருகின்றன. குமிழ் துவாரத்துக்குள் ஆழமாகப் புகுந்துவிட்டால் அது சின்னது. உள்சுவர் உரசிப் புண்ணாகும். துவாரத்தின் வாயிலில் மூடி மாதிரி உட்கார வேண்டும். இரண்டு துவாரமும் ஒரே அளவில் இல்லாதவர்கள் பெரிய துவாரத்தைக் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

பெரிய கம்பெனிகள் ஒவ்வொரு மாடலுக்கும் அளவு அட்டை தருகின்றன. இதை வீட்டில் அச்செடுப்பவர்கள் ஒரு தப்பு செய்வார்கள். பிரிண்டர் தாளுக்கு ஏற்ப படத்தைச் சுருக்கிவிடும். நூறு சதவீத அளவில் அச்செடுத்து, அட்டையில் உள்ள கோட்டை ஸ்கேலால் அளந்து சரிபார்த்த பிறகே மூக்கில் வையுங்கள். இரண்டு அளவுக்கு நடுவில் வந்தால்? நேசல், ஃபுல் ஃபேஸ் இரண்டிலும் சின்னதை முதலில் பார்க்கச் சொல்வேன். பெரிய குஷன் கண் பக்கம் ஏறிக் காற்றை விடும், நாம் இறுக்குவோம், புண் வரும். ஆனால் சின்னது மூக்கு மடலைக் கிள்ளினாலோ துவாரத்தை அடைத்தாலோ யோசிக்காமல் பெரியதற்கு மாறுங்கள்.

மூன்றாவது படி: கடையில்

கூச்சப்படாதீர்கள், அது ஒன்றுதான் இங்கே முக்கியம். திறந்த மாஸ்க்கைப் பெரும்பாலான கடைகள் திரும்ப வாங்காது. அதனால் பார்க்க வேண்டியதையெல்லாம் பணம் கொடுக்கும் முன்பே பார்த்துவிட வேண்டும்.

நின்றபடி மாஸ்க்கை மாட்டி, "நல்லாருக்கு" என்று கழற்றுவது வீண் வேலை. படுக்க இடம் கேளுங்கள். மெஷினில் மாட்டி, உங்கள் சீட்டில் உள்ள அழுத்தத்தில் காற்றைத் திறக்கச் சொல்லுங்கள். அழுத்தத்தைத் தானே கூட்டிக் குறைக்கும் ஆட்டோ மெஷின் என்று 6 முதல் 14 வரை எழுதியிருந்தால் 12, 13ல் வைத்துப் பார்க்க வேண்டும். 4ல் எல்லா மாஸ்க்கும் நன்றாகத்தான் இருக்கும். மல்லாந்து, இடது பக்கம், வலது பக்கம் என்று பதினைந்து நிமிடமாவது படுத்துப் பாருங்கள். முடியாது என்று சொல்லும் கடையில் நான் வாங்க மாட்டேன். ஸ்லீப் ஸ்டடி செய்த இடத்தில் அன்று ராத்திரி என்ன மாஸ்க், என்ன அளவு மாட்டினார்கள் என்று கேட்டு எழுதி வைத்திருந்தால் இந்த வேலையில் பாதி முடிந்தது.

அப்புறம், மாஸ்க்கில் மூச்சு வெளியேறும் சின்னச் சின்னத் துளைகள் இருக்கின்றனவா என்று கட்டாயம் பாருங்கள். ஆஸ்பத்திரியில் வேறு வகை மெஷின்களோடு பயன்படுத்தத் துளையே இல்லாத மாஸ்க்குகளும் விற்கிறார்கள். டியூப் சேரும் முழங்கைத் துண்டு பெரும்பாலும் நீல நிறத்தில் இருக்கும். வீட்டு சிபாப்பில் அதை நேரடியாக மாட்டக் கூடாது. நீங்கள் விட்ட மூச்சே திரும்ப உள்ளே போகும். இணையத்தில் விலை குறைவாக இருக்கிறதே என்று வாங்குபவர்கள் இந்த இடத்தில்தான் ஏமாறுகிறார்கள்.

"மாமா போட்டுக்கொண்டிருந்தது சும்மாதான் கிடக்கிறது" என்று சொந்தத்தில் யாராவது கொடுத்தால் என்ன செய்வது? மாஸ்க்கை வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள். அது மாமாவின் மூக்குக்கு எடுத்தது, குஷனும் தளர்ந்திருக்கும். மெஷினையும் டாக்டரிடம் காட்டி உங்கள் அழுத்தத்தை வைக்காமல் தொடாதீர்கள். பழைய பிலிப்ஸ் மெஷின் என்றால், உள்ளே இருந்த சத்தம் அடக்கும் நுரை காரணமாக 2021ல் திரும்பப் பெறப்பட்ட மாடலா என்றும் பார்க்க வேண்டும்.

நாலாவது படி: மாட்டுவது

என் அனுபவத்தில் பாதிப் பேருக்கு அளவு சரியாகவே இருக்கிறது, மாட்டும் விதம்தான் தப்பு. அந்தத் தப்பும் எல்லோருக்கும் ஒன்றுதான், இறுக்குவது. கசிந்தால் இறுக்கு, இன்னும் கசிந்தால் இன்னும் இறுக்கு. குழாயில் தண்ணீர் ஒழுகினால் திருகுகிற பழக்கம் நமக்கு.

குஷன் ஏன் அப்படி வேலை செய்வதில்லை என்று கொஞ்சம் பார்க்கலாம். குஷனின் விளிம்பைத் தொட்டுப் பாருங்கள். பெரும்பாலானவற்றில் இரண்டு அடுக்கு இருக்கும், முகத்தில் படுகிற அடுக்கு வெங்காயத் தோல் மாதிரி மெல்லியது. காற்று வரும்போது இந்த மெல்லிய அடுக்கு பலூன் போல உப்பி, கன்னத்தின் மேடுபள்ளத்துக்கு ஏற்பத் தானே படிந்துகொள்ளும். கசியாமல் அடைப்பது இந்த அடுக்குதான், பட்டை இல்லை. பட்டை மாஸ்க்கை இடத்தில் நிறுத்தி வைக்க மட்டும். இறுக்கினால் மெல்லிய அடுக்கு நசுங்கி மடிப்பு விழும். அந்த மடிப்பின் வழியாகக் காற்று பீறிடும்.

அதனால் மாட்டும் முறை இப்படி. முகத்தைச் சோப்புப் போட்டுக் கழுவித் துடையுங்கள். நெற்றியில் விபூதி, ராத்திரி பூசும் கிரீம், முகத்துக்கு வழிந்த தலை எண்ணெய் எதுவும் இருக்கக் கூடாது. எண்ணெய் பட்டால் சிலிகான் வழுக்கும், நாளடைவில் கெட்டும் போகும். பட்டைகள் எல்லாவற்றையும் முழுவதும் தளர்த்துங்கள். குஷனை முகத்தில் வைத்துப் பிடித்துக்கொண்டு, பட்டையைத் தலைக்குப் பின்னால் போட்டு, கிளிப்பை மாட்டுங்கள். கொண்டை போடுகிறவர்கள் அதை அவிழ்த்துத் தாழ்வாகப் பின்னிக்கொண்டால் பின்பட்டை வழுக்காது. இப்போது படுங்கள். உட்கார்ந்து சரிசெய்த மாஸ்க் படுத்ததும் கலையும், ஏனென்றால் படுத்தால் கன்னத்துச் சதை காதுப் பக்கம் சரிந்துவிடும்.

காற்றைத் திறங்கள். மேல்பட்டை இரண்டையும் ஒரே சமயத்தில், ஒரே அளவு, கொஞ்சம் கொஞ்சமாக இழுங்கள். பிறகு கீழ்ப்பட்டை. ஒரு பக்கம் மட்டும் இழுத்தால் மாஸ்க் கோணலாகி மறுபக்கம் வாயைப் பிளக்கும். அடுத்து, இந்த வேலையிலேயே மிகவும் உதவுவது எதுவென்றால் இதுதான்: மாஸ்க்கைப் பிடித்து முகத்திலிருந்து ஒரு விரற்கடை வெளியே இழுத்து, மெல்லத் திரும்ப வையுங்கள். மெல்லிய அடுக்கில் காற்று நிரம்பி அது சரியாக உட்கார்ந்துகொள்ளும். ராத்திரி நடுவில் கசிந்தாலும் முதலில் இதைச் செய்யுங்கள், பட்டைக்குக் கை போகக் கூடாது. பட்டைக்கும் கன்னத்துக்கும் நடுவில் இரண்டு விரல் சிரமமில்லாமல் நுழைய வேண்டும்.

ஒரு பொறி இருக்கிறது. பெரும்பாலான மெஷின்களில் 'ராம்ப்' என்று ஒன்று உண்டு. படுத்தவுடன் குறைந்த அழுத்தத்தில் தொடங்கி மெதுவாக ஏற்றும். இதமாகத்தான் இருக்கும். ஆனால் பத்து மணிக்கு 4ல் சரியாக இருந்த மாஸ்க், ரெண்டு மணிக்கு 11ல் சீறும். அதனால் பொருத்திப் பார்ப்பது எப்போதும் முழு அழுத்தத்தில்தான். ரெஸ்மெட் மெஷினில் இதற்கென்றே மாஸ்க் ஃபிட் என்று ஒரு வசதி இருக்கிறது. சில நிமிடம் காற்றை ஊதி, சிரிக்கும் முகமோ வாடிய முகமோ காட்டும். வாங்கின அன்றே அந்த மெனுவில் மாஸ்க் வகை பில்லோவா, நேசலா, ஃபுல் ஃபேஸா என்று சரியாக வைத்திருக்கிறதா எனவும் பார்த்துவிடுங்கள். தப்பாக வைத்தால் கசிவுக் கணக்கே தப்பாக வரும்.

முன்னால் உள்ள துளைகளிலிருந்து வரும் காற்று கசிவு இல்லை. அது இருக்க வேண்டியது, நீங்கள் விடும் மூச்சு போகிற வழி. அதில் டேப் ஒட்டி, "சத்தம் நின்னுடுச்சு" என்று ஒருவர் என்னிடம் பெருமையாகச் சொன்னார். அன்றே பிய்த்துப் போடச் சொன்னேன்.

ஐந்தாவது படி: எங்கே கசிகிறது என்று பார்த்து மருந்து

படுத்துக்கொண்டு உள்ளங்கையை லேசாக ஈரமாக்கி மாஸ்க் ஓரமாக நகர்த்தினால் கசியும் இடம் ஜில்லென்று தெரியும்.

கண் பக்கம் கசிந்தால் பெரும்பாலும் குஷன் பெரியது, இல்லையென்றால் மாஸ்க் மேலே ஏறி உட்கார்ந்திருக்கிறது. சற்றுக் கீழே இறக்கி வையுங்கள், நெற்றித் தாங்கி இருந்தால் அதை ஒரு படி சரிசெய்யுங்கள். மேலுதட்டுப் பக்கம் அல்லது தாடைப் பக்கம் என்றால் கீழ்ப்பட்டை தளர்வு, அல்லது ஃபுல் ஃபேஸ் உயரம் பற்றவில்லை. பக்கவாட்டில், அதுவும் ஒருக்களித்துப் படுக்கும்போது மட்டும் என்றால் தலையணை இடிக்கிறது. தலையணையின் ஓரத்துக்கு முகத்தைக் கொண்டுவந்து, மாஸ்க் வெளியே தொங்கும்படி படுத்துப் பாருங்கள். டியூப் இழுத்துக்கொண்டு போனாலும் இப்படி ஆகும். கட்டிலின் தலைமாட்டில் ஒரு கொக்கி அடித்து டியூப்பை அதில் மாட்டிவிட்டேன், என் பிரச்சினையில் பாதி அத்தோடு போயிற்று.

நேசல் மாஸ்க் போட்டுத் தூங்கி, காலையில் நாக்கு வறண்டு அண்ணத்தில் ஒட்டியிருந்தால் காற்று வாய் வழியாகப் போகிறது. உடனே ஃபுல் ஃபேஸ் வாங்க ஓடாதீர்கள். காற்றை ஈரமாக்கும் ஹியூமிடிஃபயரை மெஷினில் ஓரிரு படி கூட்டிப் பாருங்கள், வறண்ட மூக்கு அடைத்துக்கொள்வதால்தான் பலருக்கு வாய் திறக்கிறது. தாடைப் பட்டை ஒன்று விற்கிறார்கள், சிலருக்கு உதவும். வாயில் டேப் ஒட்டுகிற வேலையை டாக்டரைக் கேட்காமல் செய்ய வேண்டாம். இதெல்லாம் செய்தும் இரண்டு மூன்று வாரம் வாய் வறண்டே இருந்தால் அப்போது ஃபுல் ஃபேஸ். கரண்ட் போய் மெஷின் நின்றுவிட்டால் மூச்சுத் திணறுமே என்று பயப்படுகிறவர்களுக்காக: ஃபுல் ஃபேஸ் மாஸ்க்கில் இதற்கென்றே ஒரு வால்வு இருக்கிறது. அழுத்தம் போனதும் திறந்து வெளிக்காற்றை விடும். அந்த வால்வு ஒட்டிக்கொள்ளாமல் இருக்கிறதா என்று கழுவும்போது பாருங்கள்.

மூக்குத்தண்டில் காலையில் சிவப்புத் தடம் இருப்பது சகஜம். குளித்து வருவதற்குள் மறைந்துவிட்டால் கவலையில்லை. மத்தியானம் வரை இருந்தால் இறுக்கம் அதிகம். தோல் உரிந்துவிட்டால் அந்த இடத்தைத் தொடாத வேறு வகைக்குத் தற்காலிகமாகவாவது மாறுங்கள், புண்மேலேயே மாட்டக் கூடாது. சர்க்கரை நோய் உள்ளவர்கள் இதில் இன்னும் உஷார்.

எண்களைப் படிப்பது

மெஷின் தினமும் காலையில் கசிவு எவ்வளவு என்று காட்டும், அல்லது செல்போன் செயலியில் வரும். ரெஸ்மெட் மெஷின்கள் துளைவழிக் காற்றைக் கழித்துவிட்டு மிச்சத்தை மட்டும் கசிவாகக் காட்டும். அதில் நிமிடத்துக்கு 24 லிட்டருக்குள் இருப்பதை ஏற்கத்தக்கது என்று வைத்திருக்கிறார்கள். வேறு கம்பெனி மெஷின் சிலவற்றில் துளைக் காற்றையும் சேர்த்துக் காட்டுவதால் எண் பெரிதாக இருக்கும். நண்பரின் எண்ணோடு உங்கள் எண்ணை ஒப்பிட்டுப் பதற வேண்டாம். உங்கள் எண்ணையே வாரத்துக்கு வாரம் பாருங்கள். பக்கத்திலேயே, ஒரு மணி நேரத்துக்குச் சராசரியாக எத்தனை முறை மூச்சு நின்றது அல்லது குறைந்தது என்ற எண்ணிக்கை, அதாவது ஏஹெச்ஐ (AHI) இருக்கும். கசிவு ஏறும் நாட்களில் அதுவும் ஏறினால் மாஸ்க்கைக் கவனியுங்கள். கசிவு நன்றாக இருந்தும் அது 5க்குக் கீழே இறங்கவில்லை என்றால் மாஸ்க்கைத் திட்டாமல் டாக்டரிடம் போங்கள். அழுத்தத்தை நீங்களாக மாற்ற வேண்டாம்.

முதல் வாரம் பகலில் டிவி பார்த்துக்கொண்டே இருபது நிமிடம் மாஸ்க்கை மாட்டிக்கொண்டு உட்காருங்கள். பேரப்பிள்ளைகள் யானை என்று கூப்பிடுவார்கள், பரவாயில்லை.

குஷனைத் தினமும் காலையில் வெதுவெதுப்பான தண்ணீரும் மிதமான சோப்பும் போட்டுக் கழுவி நிழலில் உலர்த்துங்கள். மொட்டை மாடி வெயில் ஆகாது, சானிடைசர், டெட்டால் எதுவும் ஆகாது. பட்டையை வாரம் ஒருமுறை கையால் துவைத்தால் போதும். அமெரிக்காவில் காப்பீடு மாதாமாதம் புதுக் குஷன் கொடுக்கிறது. நாம் கைக்காசில் வாங்குகிறவர்கள், நான் நாலைந்து மாதம் ஓட்டுகிறேன். போன மாதம் பட்டையை எந்த இடத்தில் ஒட்டினோமோ அதே இடத்தில் ஒட்டியும் இப்போது கசிகிறது, இறுக்கினால்தான் நிற்கிறது என்றால் குஷன் தளர்ந்துவிட்டது. முழு மாஸ்க் வாங்க வேண்டியதில்லை, குஷன் மட்டும் தனியாகக் கிடைக்கும். பழைய குஷனின் மாடல் பெயரும் அளவும் அதன் ஓரத்திலேயே பொடி எழுத்தில் இருக்கும். அதைப் போட்டோ எடுத்து வைத்துக்கொண்டு கடைக்குப் போங்கள்.

உடம்பு பத்துப் பன்னிரண்டு கிலோ ஏறினாலோ இறங்கினாலோ, மேல்வரிசைப் பல் எடுத்தாலோ, தாடி வைத்தாலோ மழித்தாலோ ஸ்கேலை மறுபடி எடுங்கள். போன வருடம் நான் ஒன்பது கிலோ குறைந்தேன். மூக்கு அப்படியே இருக்கிறது, ஸ்மால்தான். பட்டையைத்தான் இரண்டு பக்கமும் அரை அங்குலம் உள்ளே இழுக்க வேண்டியிருந்தது.